நான் ஒரு துணிப் பை

நேற்று மஃரிபுக்குப் பிறகு அலுமாரியின் கீழ்த் தட்டைத் துப்புரவாக்கினேன். உள்ளே மடித்து வைத்திருந்த துணிப் பைகளை எண்ணினேன். 19.

கருத்தரங்குகளில் தந்தவை 7. கல்யாண வீடுகளில் தாம்பூலத்துக்குப் பதிலாகத் தந்தவை 4. ஒரு வங்கி, ஒரு தொலைபேசிக் கம்பனி, இரண்டு தொண்டு நிறுவனங்கள். மிச்சம் எங்கிருந்து வந்ததென்று எனக்கே ஞாபகமில்லை. எல்லாவற்றிலும் ஒரு பச்சை இலை, "சுற்றாடலைக் காப்போம்" என்று ஒரு வாசகம். பாதிப் பைகளில் மடிப்புக் கூடக் கலையவில்லை.

நான் கடைக்குக் கொண்டுபோகும் பை இந்த 19இல் இல்லை. அது குசினிக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எண்ண வேண்டி வந்ததற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் பாடசாலையில் இந்த வருடச் சுற்றாடல் தினத்துக்கு 600 பிள்ளைகளுக்கும் பாடசாலைச் சின்னம் அச்சிட்ட புதுத் துணிப் பை கொடுப்பதாக ஒரு யோசனை. பணம் தர நல்ல மனசுள்ள பழைய மாணவர்கள் தயார். ஆசிரியர் கூட்டத்தில் எல்லாரும் கைதட்டினார்கள். நான் மட்டும் கையைத் தூக்கி, "இது வேண்டாமே" என்றேன்.

"என்ன டீச்சர், விஞ்ஞானம் படிப்பிக்கிற நீங்களே பொலித்தீனுக்கு வக்காலத்து வாங்குறீங்களா?" என்று ஒரு சேர் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். மணி அடித்துவிட்டது. மூன்று நிமிடத்தில் சொல்ல முடியாததை இங்கே ஆறுதலாக எழுதுகிறேன். நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். போன வருடம் என் வகுப்புக்கு இதே மாதிரிப் பை வாங்கிக் கொடுத்தது நான்தான். 34 பிள்ளைகள். மூன்று மாதம் கழித்து ஒரு நாள், "அந்தப் பையை இன்னும் பாவிக்கிறவங்க கையத் தூக்குங்க" என்றேன். ஐந்து கைகள். ஒரு பிள்ளை எழும்பி, "டீச்சர், வீட்ட நெறையப் பேக் கெடக்கு. உம்மா அத உள்ளுக்கு வெச்சிட்டா" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. என் வீட்டிலும் அதுதானே நடந்திருக்கிறது.

அன்றைக்குத்தான் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். நம் எல்லாருக்கும் தெரிந்த வேலை. தமிழ்ப் பாடத்தில் "நான் ஒரு குடை", "நான் ஒரு பேனா" என்று தன்வரலாற்றுக் கட்டுரை எழுதியிருப்போமே, அதே மாதிரி "நான் ஒரு சொப்பின் பை" என்று ஒன்று, "நான் ஒரு துணிப் பை" என்று ஒன்று.

34 கட்டுரைகளும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் தொடங்கின: "நான் ஒரு கடையில் தொங்கிக்கொண்டிருந்தேன்." சொப்பின் பை குப்பைத் தொட்டியில் அழுதுகொண்டே முடிந்தது. துணிப் பை "எல்லோருக்கும் பயன்பட்டு மகிழ்ச்சியாக வாழ்கிறேன்" என்று முடிந்தது. தமிழ் நல்ல தமிழ்தான். ஆனால் இரண்டு பைகளும் கடையில் பிறக்கவில்லை. தொட்டியோடு இறந்துபோகவும் இல்லை.

ஒரு பொருள் மண்ணிலிருந்தோ எண்ணெய்க் கிணற்றிலிருந்தோ புறப்பட்டு, ஆலைக்குப் போய், கப்பலேறி, கடைக்கு வந்து, நம் கையில் இருந்து, கடைசியில் எங்கே போய்ச் சேருகிறதோ அதுவரைக்கும் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு எரிபொருள், எவ்வளவு புகை, எவ்வளவு கழிவு என்று கணக்கெடுப்பதற்கு உலகத்தில் ஒரு முறை இருக்கிறது. அதற்கு வாழ்க்கை வட்ட மதிப்பீடு என்று பெயர். உண்மையில் அதுவும் நம் தன்வரலாற்றுக் கட்டுரைதான். அழுகைக்குப் பதிலாக எண் இருக்கும், அவ்வளவே.

இதன் தொடக்கம் சோடாப் போத்தல். 1969இல் அமெரிக்காவில் கொக்கா கோலா கம்பனி, எந்தக் கொள்கலனில் அடைத்தால் எவ்வளவு மூலப்பொருளும் சக்தியும் செலவாகும், எவ்வளவு கழிவு வரும் என்று மிட்வெஸ்ட் ஆராய்ச்சி நிறுவனத்தைக் கொண்டு கணக்குப் பார்த்தது. பிறகு ஆளாளுக்கு ஒரு கணக்குப் போட்டு, தங்கள் பொருள்தான் நல்லது என்று சொல்லத் தொடங்கினார்கள். ஆகவே பொது ஒழுங்கொன்று தேவைப்பட்டது. சர்வதேச தர நிர்ணய அமைப்பு 1997இல் ஐஎஸ்ஓ 14040 என்ற தரத்தை வெளியிட்டது. 2006இல் அதைத் திருத்தி, 14044 என்ற மற்றொன்றையும் சேர்த்தது. 2002இல் ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித் திட்டமும் இதற்கென ஒரு கூட்டு முயற்சியைத் தொடங்கியது.

அந்தத் தரத்தில் உள்ள நாலு படிகளும் தரம் 9 பிள்ளைக்கு விளங்கும். எதை அளக்கப் போகிறோம், எங்கே தொடங்கி எங்கே முடிப்போம் என்று தீர்மானிப்பது முதலாவது. உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எண்ணுவது இரண்டாவது. அவை காலநிலைக்கு, தண்ணீருக்கு, ஓசோன் படைக்கு என்ன செய்கின்றன என்று பார்ப்பது மூன்றாவது. அதிலிருந்து என்ன முடிவுக்கு வரலாம், என்ன முடிவுக்கு வரக்கூடாது என்று யோசிப்பது நாலாவது.

இதில் ஒரு நிபந்தனை முக்கியம். பொருளோடு பொருளை ஒப்பிடக்கூடாது, வேலையோடு வேலையைத்தான் ஒப்பிட வேண்டும். "ஒரு துணிப் பை, ஒரு பொலித்தீன் பை" என்று தராசில் வைப்பது பிழை. "ஒரு தடவை கடையிலிருந்து சாமானை வீட்டுக்குக் கொண்டுவருவது" என்ற வேலையை வைக்க வேண்டும். அப்போது உடனே ஒரு கேள்வி வந்து நிற்கும்: இந்தப் பையை எத்தனை தடவை பாவித்தாய்?

அந்தக் கேள்விக்குப் பிரித்தானிய சுற்றாடல் முகவரகம் 2011இல் விடை தேடியது. ஒரு தடவை பாவித்து எறியும் மெல்லிய பொலித்தீன் பையோடு ஒப்பிட்டால், பருத்திப் பையை 131 தடவை பாவித்தால்தான் காலநிலைக் கணக்கில் அது சமனாகும் என்று கண்டார்கள். டென்மார்க்கின் சுற்றாடல் முகவரகம் 2018இல் அதே மாதிரிக் கணக்கொன்று போட்டது. அவர்களுக்குக் காலநிலைக்கு 52 தடவை என்று வந்தது. ஆனால் காலநிலையோடு நிறுத்தாமல் எல்லாப் பாதிப்புகளையும் சேர்த்துப் பார்த்தபோது சாதாரண பருத்திப் பைக்கு 7,100 தடவை. இயற்கை விவசாயப் பருத்திக்கு 20,000.

7,100 என்றால் வாரத்தில் 2 தடவை கடைக்குப் போகிற ஒருவர் 68 வருடம் அதே பையைத் தூக்க வேண்டும். பேரப்பிள்ளைக்கு வஸிய்யத் எழுதித்தான் கொடுக்க வேண்டும்!

இந்த இடத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 7,100 என்ற எண்ணை மட்டும் படமாகப் போட்டு, "பார்த்தீர்களா, பொலித்தீன்தான் நல்லது" என்று பகிர்கிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன். அந்த எண் எப்படி வந்தது? பாதிப்புகள் பலவற்றில் துணிப் பைக்கு மிக மோசமாக வந்த ஒன்று, அதாவது ஓசோன் படை, அதிலும் அது சமனாக வேண்டும் என்று கேட்டதால் வந்தது. அதே பைக்கு ஒரு நாட்டில் 131, இன்னொரு நாட்டில் 52 என்று வந்ததும் அப்படித்தான். பிரித்தானியா ஒப்பிட்டது மிக மெல்லிய பையோடு. டென்மார்க் ஒப்பிட்டது அதைவிடத் தடித்த பையோடு. எதனோடு ஒப்பிடுகிறாய், எதை அளக்கிறாய் என்று கேட்காமல் எண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடக்கூடாது.

பருத்தி ஏன் இவ்வளவு பாரமாக வருகிறது? அது தண்ணீர் குடிக்கும் பயிர். ஒரு கிலோ பருத்தித் துணிக்கு உலகச் சராசரியாக ஏறத்தாழ 10,000 லீற்றர் தண்ணீர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கசகஸ்தானுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் நடுவே இருந்த ஏரல் கடல் ஒரு காலத்தில் உலகத்தின் நாலாவது பெரிய ஏரி. 1960களிலிருந்து அதற்குப் போன ஆறுகளைப் பருத்தி வயல்களுக்குத் திருப்பினார்கள். இன்று அங்கே உப்பு மண்ணில் கப்பல்கள் தரைதட்டி நிற்கின்றன. நம் பையில் இருக்கும் பச்சை இலைக்குப் பின்னால் இந்தக் கதையும் இருக்கிறது. என் பிள்ளைகளின் கட்டுரையில் இல்லாத முதல் பக்கம் இதுதான்.

சொப்பின் பைக்கும் முதல் பக்கம் ஒன்று உண்டு. அதை நம் நாடு கண்ணால் கண்டது. 2021 மே 20ஆம் திகதி கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பிடித்தது. ஜூன் 2ஆம் திகதி மூழ்கத் தொடங்கியது. அதிலிருந்து ஏறத்தாழ 1,680 தொன் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் மணிகள் கடலில் கொட்டின. மேற்குக் கரையில் மணலுக்கு மேல் வெள்ளையாய்ப் படிந்து கிடந்தது ஞாபகம் இருக்கும். பைகளும் போத்தல்களும் வாளிகளும் ஆக முன்னர் பிளாஸ்டிக் இப்படித்தான் மணியாகக் கப்பலில் வருகிறது. கடைக்கு வராமலே, ஒரு தக்காளியைக் கூடத் தூக்காமலே, அது ஆமையின் கரைக்கு வந்து சேர்ந்துவிட்டது.

இனிக் கடைசிப் பக்கத்துக்கு வருவோம். என்னைக் கேலி செய்த சேருக்கு என் பதிலும் அதில்தான் இருக்கிறது.

டென்மார்க் கணக்கில் பொலித்தீன் பை ஏன் இவ்வளவு நல்ல பிள்ளையாக வருகிறது தெரியுமா? அங்கே அந்தப் பை வீட்டுக்கு வந்தபின் குப்பைத் தொட்டிக்கு உள்ளுறையாகும். பிறகு குப்பையோடு உலைக்குப் போய் எரிந்து, மின்சாரமாகவும் வீட்டுக்குச் சூடாகவும் திரும்பி வரும். தெருவிலும் கடலிலும் வீசப்படும் பையின் பாதிப்பை அந்த ஆய்வு கணக்கில் எடுக்கவே இல்லை. அவர்கள் அதை மறைக்கவுமில்லை, ஆய்விலேயே எழுதியிருக்கிறார்கள்.

நம் ஊரில் சொப்பின் பை எங்கே போகிறது? உப்புவெளியில் இருக்கும் எவருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. காலையில் வளவு கூட்டி, சருகோடு சேர்த்துப் பற்றவைக்கிறோம். திறந்த வெளியில் பிளாஸ்டிக் எரிப்பது 2017இலிருந்து சட்டப்படி குற்றம். ஆனாலும் விடியற்காலை நிலாவெளி வீதியால் போனால் அந்த மணம் மூக்கில் ஏறும். எரிக்காதது கானுக்குப் போகும். மாரி மழைக்குக் கான் பெருக்கெடுத்துக் கடலுக்குப் போகும். மழை விட்ட மறுநாள் கடற்கரையில் நடந்து பாருங்கள். பிரெட்ரிக் கோட்டை வாசலிலும் பட்டினத்திலும் திரியும் மான்கள் குப்பைக்குள் வாய் வைப்பதை நாம் பார்க்காத நாளா? அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் பிளாஸ்டிக் தின்று எட்டு வருடத்தில் 20 யானையளவில் செத்துப்போனதாக 2022இல் உலகப் பத்திரிகைகள் எழுதின.

மானின் வயிற்றுக்கு அந்தக் கணக்கில் நிரல் இல்லை. அதற்காகக் கணக்கையே தூக்கி எறியச் சொல்லவில்லை. டென்மார்க்கின் விடையை அப்படியே நம் கொப்பியில் எழுதக்கூடாது என்கிறேன். கேள்வியைத்தான் அங்கிருந்து எடுக்க வேண்டும். விடையை நம் குப்பை மேட்டையும் நம் கடலையும் வைத்து நாமே போட வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த மாதிரிக் கணக்குக்குப் பணம் கொடுக்கிறவர் யார் என்றும் பார்க்க வேண்டும். முதல் கணக்குக்குப் பணம் கொடுத்ததே ஒரு குளிர்பானக் கம்பனி. எங்கே தொடங்குவது, எங்கே முடிப்பது என்று கோடு கீறுகிறவர் கையில் பாதி விடை இருக்கிறது. அதனால்தான் ஒரு பொருள் இன்னொன்றைவிட நல்லது என்று பொதுமக்களிடம் சொல்லப் போகிறவர்கள் தங்கள் கணக்கை வெளி ஆட்கள் கொண்ட குழுவுக்குக் காட்டிப் பரிசோதிக்க வேண்டும் என்று ஐஎஸ்ஓ தரமே சொல்கிறது. நம் நாட்டில் "மக்கும்", "பசுமை" என்று அச்சடித்து விற்கிறவர்களிடம் அந்தக் காகிதத்தை யாராவது கேட்டிருக்கிறோமா?

சட்டம் போடுவதில் நாம் பின்னுக்கு நிற்கவில்லை. 2007இல் 20 மைக்ரோனுக்கு மெல்லிய பொலித்தீனைத் தடுத்தோம். மீதொட்டமுல்ல குப்பை மேடு 2017 ஏப்ரல் 14ஆம் திகதி சரிந்து வீடுகளை மூடிய அதே வருடம் செப்டம்பரில் லஞ்ச் சீட்டையும் ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டியையும் தடுத்தோம். 2021இல் சின்னச் சஷே பக்கற்றுகள். 2023 ஒக்டோபரிலிருந்து பிளாஸ்டிக் ஸ்ட்ரோ, தட்டு, கோப்பை, கரண்டி, இடியப்பத் தட்டு. 2025 நவம்பர் 1ஆம் திகதியிலிருந்து கடைகளில் பொலித்தீன் பையை இலவசமாகக் கொடுக்கக்கூடாது என்று பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை உத்தரவு போட்டது. எல்லாம் நல்ல சட்டம், நான் எதிர்க்கவில்லை. குறிப்பாகக் கடைசிச் சட்டம் எனக்குப் பிடிக்கும். அது "எந்தப் பை" என்று கேட்கவில்லை. "உனக்குப் பை தேவையா" என்று கேட்கிறது.

மற்றத் தடைகளில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஒன்றைத் தடுக்கிறோம், அந்த இடத்துக்கு என்ன வருகிறது என்று பார்ப்பதில்லை. பிளாஸ்டிக் கோப்பை போய் கடதாசிக் கோப்பை வந்தது. அதன் உட்புறத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள், மெல்லிய பிளாஸ்டிக் படலம் உரியும். நோன்பு காலத்தில் என் சின்ன வயதில் கஞ்சிக்குப் பள்ளிக்குப் போகும்போது தூக்குச் சட்டியோடு போவோம். சட்டியைக் கொண்டுவராத பிள்ளைக்குக் கஞ்சி இல்லை. இப்போது சட்டியோடு போகிற பிள்ளையைக் காண்பது அரிது. கஞ்சி பையில் வருகிறது. பையைத் தடுத்தால் கடதாசிக் கிண்ணத்தில் வரும். சட்டியைத் திரும்பக் கொண்டுவரலாமே என்று நாம் யோசிப்பதில்லை. கண்ணாடிச் சோடாப் போத்தலும் அப்படித்தான். வெறும் போத்தலைக் கொடுத்தால்தான் புதுச் சோடா தருவார் கடைக்கார நானா. ஒரே போத்தல் எத்தனை தடவை ஆலைக்கும் கடைக்கும் போய் வந்தது! கண்ணாடி பாரம், செய்வதற்கு நெருப்பும் அதிகம். ஆனால் போய்ப் போய் வந்ததால் அந்தப் பாரம் பகிர்ந்து போனது. ஒரு தடவையோடு எறிந்தால் அதே கண்ணாடி மிக மோசமான கொள்கலன்.

இப்போது குசினிக் கதவுக்குப் பின்னால் தொங்கும் பைக்கு வருகிறேன்.

அது உம்மா தைத்தது. வெளியே பழைய உரப்பை, உள்ளே வாப்பாவின் கிழிந்த சாரன். காதுக்கு நைலோன் கயிறு. பார்க்க அழகில்லை. எத்தனை வருடமாகத் தொங்குகிறதென்று உம்மாவைக் கேட்டேன். "நீங்க கல்வியியற் கல்லூரிக்குப் போகக்குள்ள தெச்சது மகள். ஏன், கிழிஞ்சிட்டா?" என்றா. 13 வருடம். வாரம் 2 தடவை என்றாலும் 1,300 தடவைக்கு மேல். அதில் புதுப் பருத்தி ஒரு நூல் இல்லை. புதுப் பிளாஸ்டிக்கும் இல்லை. உரப்பையும் சாரனும் தங்கள் வேலையை ஏற்கெனவே முடித்துவிட்டவை.

என் 19 பைக்கும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மிகக் குறைந்த எண்ணான 52ஐயே எடுத்தாலும் 19 பைக்கும் சேர்த்து 988 தடவை கடைக்குப் போக வேண்டும். வாரம் 2 தடவைப்படி ஒன்பதரை வருடம். அதுவரைக்கும் இன்னொரு பை கூட வாங்கக்கூடாது. பாடசாலையின் 600 பைக்கு 31,200 தடவை. போன வருடம் தூக்கப்பட்ட ஐந்து கைகளை நினைத்தால் எனக்கு அந்த எண் பயமாக இருக்கிறது.

சிலர் நியாயமான ஒன்றைக் கேட்பீர்கள். கடைசிப் பாரத்தை எப்போதும் வாங்குகிறவன் தலையில்தானா வைப்பது? மேசன் வேலை முடித்து நேரே கடைக்கு வந்து அரைக் கிலோ மாவும் ரெண்டு முட்டையும் வாங்குகிறவர் கையில் துணிப் பை இருக்காது. அவரிடம் பைக்குக் காசு கேட்பதும், செய்கிற கம்பனி ஒன்றும் கொடுக்காமல் தப்புவதும் ஒரே தராசு அல்ல. உண்மை. முழு வாழ்க்கையையும் எண்ணச் சொல்வதே அதற்காகத்தான். அப்படி எண்ணும்போது வாங்குகிறவர் ஒரு பக்கத்தில்தான் வருவார். மிச்சப் பக்கங்களில் செய்கிறவர், கொண்டுவருகிறவர், விற்கிறவர், குப்பை அள்ள வேண்டிய சபை எல்லாரும் வருவார்கள்.

ஆகவே அதிபருக்கும், பணம் தரப்போகும் பழைய மாணவர்களுக்கும், என் சக ஆசிரியர்களுக்கும் என் யோசனை இதுதான்.

புதுப் பை வேண்டாம். சுற்றாடல் தினத்தன்று ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் கிழிந்து கிடக்கும் சாரன், சாரி, பழைய சீருடை, உரப்பை ஏதாவது ஒன்றால் தைத்த பையைக் கொண்டு வரட்டும். தைக்கத் தெரியாத பிள்ளை, அலுமாரிக்குள் தூங்கும் பையொன்றை எழுப்பிக்கொண்டு வரட்டும். உட்புறத்தில் அழியாத பேனையால் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு போடட்டும். 52ஆவது கோடு போட்ட பிள்ளைக்குக் காலைக் கூட்டத்தில் எல்லாரும் கைதட்டுவோம்.

அந்தப் பணத்தில் தண்ணீர்க் குழாயடியில் இன்னும் நாலு பைப் போட்டு, கழுவ இடம் கட்டித் தாருங்கள். பிள்ளைகள் ஏன் சாப்பாட்டுப் பெட்டி கொண்டுவராமல் தாளில் சுற்றிக்கொண்டு வருகிறார்கள் என்று கேட்டேன். "கழுவ எடமில்ல டீச்சர், பேக் எல்லாம் கறி மணக்குது" என்றார்கள். எத்தனையோ நாள் அந்தத் தாளுக்காக நான் ஏசியிருக்கிறேன். குழாயை யோசிக்கவே இல்லை.

கூட்டம் அடுத்த வியாழக்கிழமை. இந்த முறையும் சிரிப்பார்களோ தெரியாது. உம்மாவின் பையையும் கொண்டுபோய் மேசையில் வைக்கப் போகிறேன்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இதை வாசித்து முடித்ததும் எழும்பிப் போய் உங்கள் வீட்டில் எத்தனை துணிப் பை இருக்கிறதென்று எண்ணுங்கள். அதில் எத்தனை வெளியே போய் வருகிறதென்றும் எண்ணுங்கள். இரண்டு எண்ணையும் கீழே கொமென்டில் எழுதுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, என்னுடையது 19க்குப் பூச்சியம் என்று முதலாவதாக நானே எழுதிவிட்டேன்.